டிராக்டர் லிப்டின் இடைநிலை குறித்து

டிராக்டரின் பின்னால் உள்ள லிப்டுக்கு மூன்று நிலைகள் உண்டு: மேலே, கீழே, இரண்டுக்கும் நடுவே. முதல் இரண்டையும் எந்த டிராக்டரும் செய்யும். மூன்றாவதைச் செய்யத் தெரியாத டிராக்டர்கள் உலகில் பல லட்சம் வெளிவந்தன. அவற்றில் சில இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது நிலையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. சிறிய பொருள்தான். ஆனால் அதை முறையாக யாரும் எழுதி வைக்காததால், நல்ல வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

முதலில் வரையறை. லீவரை எந்த இடத்தில் வைக்கிறோமோ அதற்கு ஒத்த உயரத்தில் லிப்ட் கை வந்து தானாக நிற்க வேண்டும். ஆயில் கசிந்து கை கொஞ்சம் இறங்கினால், யாரும் தொடாமலே அது பழைய உயரத்துக்குத் திரும்ப வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததே பொசிஷன் கண்ட்ரோல். லீவரைத் தட்டித் தட்டி, கை வேண்டிய இடத்துக்கு வரும்போது பட்டென்று நிறுத்துவது ஓட்டுநரின் திறமை. அந்தத் திறமைக்கு மரியாதை உண்டு. ஆனால் அது நாள் முழுக்கத் திரும்பிப் பார்த்தபடி ஓட்டச் செய்து கழுத்தைக் கெடுக்கும், கண்ணை முன்னால் இருக்க விடாது.

சென்னையின் மேற்குப் பக்கத்தில் இது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். அம்பத்தூரில் உழவு பழைய செய்தி. ஆனால் பூந்தமல்லியைத் தாண்டி திருமழிசை, வெள்ளவேடு என்று போனாலும், ஆவடியிலிருந்து பட்டாபிராம், திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூர்ப் பக்கம் போனாலும் நெல் இன்னும் இருக்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் சொல்லிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். வயலுக்குப் பக்கத்திலேயே மனைப்பிரிவுக் கற்கள் நட்டிருக்கின்றன. ஆகவே ஒரே டிராக்டருக்கு இரண்டு விதமான வேலை வருகிறது: சேற்றில் ரோட்டவேட்டர், மனையில் லெவலர் பிளேடு. இரண்டுமே லிப்ட் நடுவில் நிற்க வேண்டிய வேலைகள். மூன்றாவது வேலையான டிரெய்லர் இழுப்பதற்கு லிப்டே வேண்டாம். மண்ணும் செங்கல்லும் தண்ணீர்த் தொட்டியும் ஆண்டுக்கணக்கில் இழுத்த வண்டிகளில் லிப்ட் கெட்டுக் கிடப்பதற்கு இதுவே காரணம். அசையாத ஹைட்ராலிக்கில் ஆயில் பழசாகும், தண்ணீர் சேரும், வால்வு இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

இனி வரலாறு. இன்று நாம் அறியும் லிப்டின் வடிவத்தை உலகுக்குக் கொடுத்தவர் ஹாரி ஃபெர்குசன். 1884இல் அயர்லாந்தின் டவுன் கவுண்டியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909இல் தானே கட்டிய விமானத்தில் ஏறி, அயர்லாந்தில் முதன்முதலில் பறந்தவர். அவர் காலத்து டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியிலோ கொக்கியிலோ மாட்டி இழுத்தன. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் வண்டியின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுநர் மேலேயே கவிழும். ஃபெர்குசன் கண்ட தீர்வு மூன்று புள்ளி இணைப்பு: கீழே இழுக்கும் இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க். மண்ணுக்குள் இருக்கும் கலப்பை கீழ் பின்களைச் சுற்றி முன்னோக்கிச் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வு டாப் லிங்கை வண்டியை நோக்கித் தள்ளும். தள்ளும் விசை வண்டியின் முன்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும். கவிழ்வது நின்றது.

அவர் அத்தோடு விடவில்லை. டாப் லிங்க் தள்ளும் இடத்தில் ஒரு கனமான ஸ்பிரிங்கை வைத்தார். அந்த ஸ்பிரிங் அமுங்கும் அளவு, கலப்பை எவ்வளவு பாரத்தை இழுக்கிறது என்பதற்குக் கணக்கு. ஸ்பிரிங்கின் அசைவை உள்ளே ஒரு நெம்புகோல் வழியாக ஹைட்ராலிக் வால்வுக்குக் கொண்டுபோனார். பாரம் கூடினால் ஸ்பிரிங் அமுங்கும், வால்வு திறக்கும், கலப்பை ஒரு விரற்கடை எழும்பும். பாரம் குறைந்தால் கலப்பை இறங்கும். இதுதான் டிராஃப்ட் கண்ட்ரோல். டயர் வழுக்காமல், இன்ஜின் மூச்சுத் திணறாமல், காய்ந்த நிலத்தில் சீராக உழ இதைவிட நல்ல ஏற்பாடு இன்றுவரை வரவில்லை என்பது என் தீர்ப்பு.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஓட்டுநர் லீவரால் சொல்வது பாரத்தை. உயரத்தைச் சொல்ல அதில் வழியில்லை. கலப்பை மண்ணுக்குள் இருக்கும்வரை பாரமும் ஆழமும் ஏறக்குறைய சேர்ந்தே போகும். கருவி மண்ணை விட்டு வெளியே வந்துவிட்டால் டாப் லிங்கைத் தள்ள ஒன்றுமில்லை. ஸ்பிரிங் பேசாது. ஸ்பிரிங் பேசாதபோது வால்வுக்குத் தெரிந்தவை இரண்டே: ஏற்று, இறக்கு.

இங்கே வாசகர் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பழைய லிப்டும் ஒரே ஓர் உயரத்தை அறிந்திருந்தது. கை உச்சிக்குப் போனதும் சிலிண்டருக்குள் உள்ள பிஸ்டனின் பாவாடைப் பகுதி வால்வு நெம்பைத் தொட்டு, அதை நடுநிலைக்குத் தள்ளிவிடும். பம்ப் ஆயில் எடுப்பதை நிறுத்தும். தன் கை எங்கே இருக்கிறது என்ற செய்தி, அந்த ஓர் இடத்தில் மட்டும், வால்வுக்குத் திரும்பி வந்தது. பொசிஷன் கண்ட்ரோல் என்பது அந்தச் செய்தியை எல்லா உயரங்களிலும் திரும்பி வரச் செய்வது. புதிதாக எந்த விசையும் சேர்ப்பதில்லை. லிப்டுக்குப் பலம் முன்பே இருந்தது, தன் கையைப் பற்றிய தகவல்தான் இல்லை.

ஃபெர்குசன் 1938இல் ஹென்றி ஃபோர்டோடு எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் கை குலுக்கிக் கூட்டுச் சேர்ந்தார். 1939இல் ஃபோர்டு 9 என் டிராக்டர் வந்தது. அதில் டிராஃப்ட் கண்ட்ரோல் மட்டும்தான். 1946 முதல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி கட்டிய சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ. 20, பத்து ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதிலும் அதே நிலைதான். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தது இந்த டி.இ. 20 வண்டிகளில்தான். பனியில் சறுக்குவண்டி இழுக்க லிப்ட் நடுவில் நிற்க வேண்டியதில்லை. சேற்று வயலுக்கு வேண்டும்.

இடைநிலை வந்தது ஒரு சண்டையின் நடுவில். ஹென்றி ஃபோர்டின் பேரன் காலத்தில் அந்தக் கைகுலுக்கல் முறிந்தது. 1947இல் ஃபோர்டு ஃபெர்குசன் இல்லாமலே 8 என் என்ற டிராக்டரை வெளியிட்டது. அதில் பொசிஷன் கண்ட்ரோல் இருந்தது. இரண்டு முறைகளில் எது வேண்டுமோ அதற்கு மாற்றிக்கொள்ள இருக்கைக்கு அடியில் ஒரு சிறு லீவரும் இருந்தது. ஃபெர்குசன் வழக்குப் போட்டார். 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் வால்வை வைக்கும் ஃபெர்குசன் முறையை ஃபோர்டு கைவிட வேண்டும் என்பதும் அந்தச் சமரசத்தில் ஒரு பகுதி. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு வால்வு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று வழக்காடியதை நான் அற்பம் என்று நினைக்கவில்லை. வயலில் நடப்பதெல்லாம் அந்த வால்வில்தான் முடிவாகிறது.

1956இல் கோவென்ட்ரியிலிருந்து வந்த ஃபெர்குசன் 35இல் டிராஃப்டுக்கு ஒரு லீவர், பொசிஷனுக்கு ஒரு லீவர் என்று இரண்டும் இருக்கையின் வலப்பக்கம் அடுத்தடுத்து அமைந்தன. அது பெயர் மாறி மாஸி ஃபெர்குசன் 35 ஆயிற்று. 1960இல் சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம் தொடங்கிய டாஃபே, அம்பத்தூருக்குக் கிழக்கே உள்ள செம்பியத்தில் அந்த வண்டியைத்தான் கட்டியது. சிம்சன் இன்ஜின், மாஸி ஃபெர்குசன் பெட்டி. நம் ஊர் மெக்கானிக்குகள் பலர் ஹைட்ராலிக் படித்த பாடப்புத்தகம் அந்த வண்டி. ஆகவே இடைநிலை அறிந்த லிப்ட் இந்த வட்டாரத்துக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இருந்தும் இடைநிலை இல்லாத வண்டிகள் இரண்டு வகையாக இருக்கின்றன. பிறப்பிலேயே இல்லாதவை ஒரு வகை: சாம்பல் ஃபெர்குசன் போன்று அந்தத் தலைமுறையில் வந்தவை. இருந்து இழந்தவை மற்றொரு வகை: உள்ளே லிப்ட் தண்டில் உள்ள கேம் தேய்ந்து, அதைத் தொடும் ரோலர் தேய்ந்து, பின்கள் ஆட்டம் கண்டு, கடைசியில் பொசிஷன் லீவர் வெறும் ஏற்று-இறக்கு லீவராகிப்போனவை. இரண்டாவது வகைக்கு வெளியே எதையும் சேர்க்க வேண்டாம். லிப்ட் மூடியைத் திறந்து, தேய்ந்ததை மாற்றி, கம்பெனி சொன்ன அளவுக்கு அட்ஜஸ்ட் செய்வதே முறை. மூடியைத் திறக்கச் சோம்பிக்கொண்டு வெளியே கம்பி கட்டுவது பிழை. இனி நான் சொல்வதெல்லாம் முதல் வகைக்கு.

சேற்றில் டிராஃப்ட் கண்ட்ரோலை ஏன் நம்ப முடியாது என்பதை விளக்கிவிட்டுப் போகிறேன். நீர் கட்டிய வயலில் மண் எதிர்ப்புக் காட்டாது. ஸ்பிரிங் அமுங்காது. அமுங்காத ஸ்பிரிங் வால்வுக்குச் சொல்வது ஒன்றே: பாரம் போதாது, இன்னும் இறக்கு. கருவி இறங்கிக்கொண்டே போய், நீரைத் தாங்கி நிற்கும் அடித்தளக் கெட்டி மண்ணைக் கிழிக்கும். ரோட்டவேட்டரின் நிலை இன்னும் வேறு. அதன் கத்திகள் மண்ணைப் பின்னால் வீசி வண்டியை முன்னே உந்துகின்றன. இழுக்கும் பாரத்தை அளந்து ஆழத்தை முடிவுசெய்யும் கணக்கு அங்கே பொருந்தவே பொருந்தாது. மனையைச் சமன்செய்யும் பிளேடுக்கும் அப்படியே: மேட்டில் பாரம் கூடும், டிராஃப்ட் லிப்ட் பிளேடைத் தூக்கிவிடும். எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே வெட்டாமல் போகும்.

பழைய ஆட்கள் இதற்கு ஒரு சங்கிலி வைத்திருந்தார்கள். டாப் லிங்க் பிராக்கெட்டிலிருந்து கீழ்க் கை வரை ஒரு சங்கிலி. லிப்டை முழுவதும் இறக்கிவிட்டால் கருவி சங்கிலியில் தொங்கி அந்த உயரத்தில் நிற்கும். நல்ல முறைதான், ஒரே உயரத்தில் நாள் முழுக்க வேலை என்றால் இன்றும் அதுவே போதும். லிப்ட் சிலிண்டர் ஒரு பக்கம் மட்டுமே தள்ளும். ஏற்றுவது ஆயில், இறக்குவது கருவியின் எடை. ஆகவே பொசிஷன் கண்ட்ரோலும் சங்கிலியும் கருவி கீழே போகாமல்தான் பிடிக்கும். நிலம் கீழிருந்து தள்ளினால் இரண்டிலும் கருவி எழும்பும். வேறுபாடு ஒன்றுதான். சங்கிலியில் உயரம் மாற்ற ஓட்டுநர் இறங்கி வந்து வளையம் மாற்ற வேண்டும்.

வண்டியில் அமர்ந்தபடி மாற்ற வேண்டுமென்றால் நெம்புகோல்தான் வழி. அந்த நெம்புகோலின் வம்சம் பெரியது. 1860களில் கிரேட் ஈஸ்டர்ன் என்ற பெருங்கப்பலின் சுக்கானைத் திருப்ப மக்ஃபார்லன் கிரே நீராவி எந்திரம் அமைத்தார். மாலுமி சக்கரத்தைத் திருப்பினால் நீராவி வால்வு திறக்கும். சுக்கான் திரும்பத் திரும்ப அதே அசைவு வால்வை மூடிக்கொண்டே வரும். சக்கரம் சொன்ன கோணம் வந்ததும் வால்வு முழுவதும் மூடியிருக்கும். பிரான்ஸில் ஜோசப் ஃபார்கோ இதே கொள்கையைப் பற்றி 1873இல் ஒரு நூலே எழுதி, அதற்கு சர்வோ மோட்டார் என்று பெயர் வைத்தார். கட்டளை வால்வைத் திறக்கிறது, வேலை வால்வை மூடுகிறது. கப்பல் சுக்கான், டாங்கியின் பீரங்கிக் குழாய், டிராக்டர் லிப்ட் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியம் போதும்.

இப்போது செய்முறை. பழைய வண்டியில் லீவர் நேராக வால்வுத் தண்டைத் திருப்புகிறது. அந்த நேர்த் தொடர்பை எடுத்துவிட வேண்டும். நடுவில் ஒரு குறுக்கு நெம்பு வர வேண்டும். அதற்கு மூன்று துளை. ஒரு முனைத் துளையை ஓட்டுநரின் லீவர் தள்ளும். மறுமுனைத் துளையை லிப்ட் கையிலிருந்து வரும் கம்பி பிடித்திருக்கும். நடுத்துளை வால்வுத் தண்டோடு சேரும். அந்த நெம்புக்கு நிலையான அச்சு எதுவும் இருக்கக் கூடாது. மூன்று கம்பிகளின் பிடியில் அது மிதக்க வேண்டும்.

எண்ணோடு சொன்னால் தெளிவாகும். நடுத்துளை சரி பாதியில் இருக்கிறது என்று கொள்வோம். ஓட்டுநர் தன் முனையை 2 அங்குலம் முன்னே தள்ளுகிறார். மறுமுனை அசையவில்லை, ஏனென்றால் லிப்ட் இன்னும் எழவில்லை. நடுத்துளை 1 அங்குலம் முன்னே போகிறது. வால்வு திறக்கிறது. ஆயில் போகிறது, கை எழுகிறது, கையில் மாட்டிய கம்பி மறுமுனையைப் பின்னே இழுக்கிறது. அது 2 அங்குலம் பின்னே வந்ததும் நடுத்துளை பழைய இடத்துக்கு வந்துவிடும். வால்வு நடுநிலை. கை நிற்கும். பிறகு கசிவால் கை சிறிது இறங்கினால் கம்பி சிறிது முன்னே வரும், வால்வு சிறிது திறக்கும், கை மீண்டும் எழும். வரையறையில் சொன்ன இரண்டும் நிறைவேறிவிட்டன.

இதைச் செய்ய என்ன வேண்டும்? அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் கட்டிய ஹெர்குலிஸ் சைக்கிளின் கம்பி பிரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து சிறு நெம்பு, நெம்பிலிருந்து மற்றொரு கம்பி. லிப்டுக்கு வேண்டியதும் அதே இனம், கனம்தான் கூடுதல். ஒரு பட்டை இரும்பு, இரண்டு கம்பிகள், நீளம் கூட்டிக் குறைக்க இரு முனையிலும் மரை, முனைகளுக்கு ஃபோர்க் எண்டோ ராட் எண்டோ, பின்களுக்கு கன்மெட்டல் புஷ். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி இதைச் செய்துதராத லேத் பட்டறை இருக்க முடியாது. பாடியில் போல்ட்டும் நட்டும் செய்யும் பெரிய ஆலை, ஆவடியில் 1955 முதல் இரும்புக் குழாய் செய்யும் ஆலை, அதே ஆவடியில் விஜயந்தா டாங்கி கட்டிய தொழிற்சாலை என்று, ஒரு பின் எத்தனை மைக்ரான் தளர்வாக இருக்கலாம் என்று தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கின்றன. ஒரு பழைய டிராக்டருக்கு வேண்டிய பொருள் முழுவதும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊர் உலகில் அதிகம் கிடையாது.

ஆனால் பட்டறைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு மற்றதைச் செய்பவர்களே அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். முதலில் கசிவைப் பாருங்கள். கனமான கருவியை மாட்டி, உயர்த்தி, இன்ஜினை நிறுத்தி, தரையிலிருந்து உயரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்து பாருங்கள். கருவி தரைக்கு வந்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ வால்வோ போயிருக்கிறது. அப்படிப்பட்ட லிப்டில் பொசிஷன் கண்ட்ரோல் பொருத்தினால் அது வேலை செய்யும், ஆனால் ஓயாமல் செய்யும். கை இறங்கும், வால்வு திறக்கும், கை துள்ளி எழும், மறுபடி இறங்கும். ஓட்டுநர்கள் லிப்ட் தலையாட்டுகிறது என்று குறை சொல்வார்கள். கம்பி பழுதைக் காட்டித்தான் கொடுத்தது, பழுது உள்ளே இருக்கிறது. முதலில் ரிங்கை மாற்றுங்கள், ஆயிலை மாற்றுங்கள். வெளுத்துப் பால் போல இருக்கும் ஆயிலில் தண்ணீர் இருக்கிறது.

அடுத்தது திசை. லிப்ட் கை எழும்போது கம்பி வால்வை மூடும் பக்கம் நகர்த்த வேண்டும். கம்பியை நெம்பின் தவறான பக்கத்தில் கோர்த்துவிட்டால் கை எழ எழ வால்வு மேலும் திறக்கும். லீவரைத் தொட்டதும் கருவி ஒரே பாய்ச்சலில் உச்சிக்குப் போகும். இன்ஜினை ஓட்டுவதற்கு முன், கையை ஜாக்கியால் கொஞ்சம் உயர்த்தி நெம்பு எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

அடுத்தது விகிதம். லிப்ட் கை அடி முதல் உச்சி வரை போகும்போது கம்பி மாட்டிய புள்ளி எத்தனை அங்குலம் நகர்கிறது, ஓட்டுநரின் லீவர் அதன் வில்லில் எத்தனை அங்குலம் நகரலாம் என்று இரண்டையும் அளக்க வேண்டும். கம்பிப் புள்ளி 6 அங்குலமும் லீவரின் கீழ்முனை 3 அங்குலமும் நகரும் என்றால், நடுத்துளை பாதியில் இருக்கக் கூடாது. லீவர் பக்கம் ஒரு பங்கும் கம்பிப் பக்கம் இரண்டு பங்குமாகப் பிரியும் இடத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் லீவரின் முழு வீச்சும் கையின் முழு வீச்சும் ஒன்றுக்கொன்று பொருந்தும். கை போகக்கூடிய உச்சத்துக்கு மேல் லீவர் கேட்கவும் கூடாது. கேட்டால் பம்ப் ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ரிலீஃப் வால்வு கத்தும். லீவரின் வில்லில் அதற்கு ஒரு தடை வைத்துவிடுங்கள்.

ஆட்டம் பற்றி ஒரு பத்தி தனியாக எழுதத் தகும். வால்வின் மொத்த நகர்வே சில மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு பின்னிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்று வைத்தால் ஆறு பின்னுக்கு 3 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதற்குள் கை விரும்பியபடி அலையும், லீவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே சல்லிசாகக் கிடைக்கும் போல்டைப் பின்னாகப் போடக் கூடாது. மரை போட்ட இடம் புஷ்ஷை உரசித் தின்றுவிடும். நன்றாகக் கடைந்த வழுவழுப்பான பின், சரியான புஷ், இரண்டு பக்கமும் காட்டர் பின். ஒரேயடியாக இறுக்கவும் கூடாது. ஆட்டமே இல்லாமல், வால்வு மிகக் கூர்மையாகத் திறந்து மூடும்படி அமைத்தால், கை சொன்ன இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி, நடுங்கிக்கொண்டே இருக்கும். இந்த நடுக்கம் எப்போது அடங்கும், எப்போது அடங்காது என்பதை நீராவி எந்திர கவர்னர்களை வைத்து ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868இல் கணிதமாக எழுதினார். வயலில் அவ்வளவு கணிதம் வேண்டாம். கம்பி மாட்டும் புள்ளியை மூன்று நான்கு துளைகளில் மாற்றிப் பார்க்க வசதி வைத்தால், எந்தத் துளையில் நடுக்கம் அடங்குகிறதோ அதுவே சரி.

டிராஃப்ட் கண்ட்ரோலை இழந்துவிடக் கூடாது. கோடையில் காய்ந்த நிலத்தில் சட்டிக் கலப்பையோ கொத்துக் கலப்பையோ போடும்போது அது வேண்டும். வழி எளிது: கம்பியின் பின்னை நெம்பிலிருந்து கழற்றி, அந்த முனையை வண்டியில் உள்ள ஒரு நிலையான துளையில் கோர்த்துவிட வேண்டும். மிதந்த நெம்புக்கு இப்போது ஓர் அச்சு கிடைத்துவிட்டது, லீவர் பழையபடி நேராக வால்வோடு பேசும். 8 என் வண்டியில் இருக்கைக்கு அடியில் ஃபோர்டு வைத்த மாற்று லீவர் செய்ததும் இதே காரியம்தான். இங்கே அதை ஒரு பின் செய்கிறது.

சென்சரும் சோலனாய்டும் வைத்து இதைச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. புதிய பெரிய டிராக்டர்களில் அப்படித்தான் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பழைய வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கேஜ் வீல் வாரி இறைக்கும் சேற்றில் ஒயர் நிற்காது. கம்பி வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், சுத்தியலால் நிமிர்த்தலாம்.

எல்லை ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். சாம்பல் ஃபெர்குசன் போன்ற வண்டிகளில் பம்ப் பி.டி.ஓ. தண்டில் ஓடுகிறது. கிளட்சை மிதித்தால் தண்டு நிற்கும், பம்ப் நிற்கும், பொசிஷன் கண்ட்ரோலும் நிற்கும். எந்தக் கம்பியாலும் இதை மாற்ற முடியாது. வண்டியை நியூட்ரலில் போட்டுக் கிளட்சை விட்டால்தான் லிப்ட் மறுபடி கேட்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது உயரத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பழைய ரிங்குகள் மட்டுமே. ஆகவே தூக்கிய ரோட்டவேட்டருக்கு அடியில் கத்தி மாற்றப் போகிறவர், லீவர் எங்கே இருந்தாலும், முதலில் மரக்கட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை.

மெக்கானிக் தம்பிகளுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லிப்ட் மூடியும் பின்பெட்டியும் வார்ப்பு இரும்பு. அதில் வெல்டிங் வைக்காதீர்கள், புதிதாகத் துளை போடாதீர்கள். ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளில் பிராக்கெட்டை மாட்டுங்கள். லிப்ட் கையிலும் வெல்டிங் வேண்டாம், கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். செய்த கம்பிகளின் நீளத்தையும் எந்தத் துளையில் மாட்டினீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வண்டிக்காரரிடம் கொடுங்கள். அடுத்த மெக்கானிக்குக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கும்.